பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்: பழைய ஏர்லைன்ஸ் காட்சி மாடல்கள் பற்றி ஒரு பதில்

கேள்வி: "டர்பன் கிரே தெருவில் பெரியப்பா நடத்திய டிராவல் ஏஜென்சியை மூடிவிட்டோம். முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் பல வருஷம் நின்ற சௌத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் ஜம்போ மாடல் என் கைக்கு வந்திருக்கிறது. நீளம் 56 செ.மீ. வெள்ளை நிறம் மஞ்சளாகிவிட்டது, ஒரு எஞ்சின் இல்லை. புதிதாக பெயின்ட் அடித்து வீட்டில் வைக்கலாமா? இதிலிருந்து தொடங்கி இந்த மாதிரிப் பழைய மாடல்களைச் சேர்க்கவும் ஆசை. எங்கே ஆரம்பிப்பது?"

பெயின்ட் அடிக்காதீர்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு வரியை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். காட்சி மாடலின் மதிப்பு முழுக்க அதன் மேற்பரப்பில் இருக்கிறது. எந்த வருஷத்து வண்ணம், எந்தப் பட்டறை ஒட்டிய எழுத்து, எத்தனை வருஷம் எந்தப் பக்கம் வெயில் பட்டது என்பதெல்லாம் அங்கேதான் பதிந்திருக்கும். ஒரு ஸ்ப்ரே டப்பா அரை மணி நேரத்தில் அதை அழித்துவிடும். பிறகு உங்களிடம் இருப்பது விமான வடிவத்தில் ஒரு புதுப் பொருள், அவ்வளவுதான்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எது என்று பார்ப்போம். நீங்கள் சொன்ன 56 செ.மீ. என்ற ஒரு எண்ணே நிறையச் சொல்கிறது. வழக்கமான போயிங் 747-200 சுமார் 70.6 மீட்டர் நீளம். நூறில் ஒரு பங்கு அளவில் செய்தால் 70 செ.மீ.க்கு மேல் வரும். 747SP என்ற குட்டை ஜம்போவின் நீளம் 56.3 மீட்டர். ஆக உங்களுடையது பெரும்பாலும் 1:100 அளவில் செய்த SP. உறுதி செய்ய இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து பாருங்கள். 59 அல்லது 60 செ.மீ. வந்தால், அதாவது நீளத்தைவிட அகலம் கூடுதலாக இருந்தால், அது SP-யேதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. மாடலைத் திருப்பி இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெரிய 747-களில் மடக்கு இறக்கைகளை (தரையிறங்கும்போது கீழே சாயும் பின்னோரப் பலகைகள், அதாவது ஃபிளாப்) இயக்கும் பொறியை மூடியபடி நீளமான கூடுகள் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். SP-யில் போயிங் எளிமையான மடக்கு இறக்கைகளைப் பொருத்தியதால் அந்தப் பெரிய கூடுகள் கிடையாது. உடலைக் குறைத்ததற்கு ஈடாக வாலையும் உயரமாக்கினார்கள். அடியில் நீளக் கூடுகளும் குட்டையான வாலும் இருந்தால், யாரோ ஒரு 747-200 அச்சை நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சில பட்டறைகளே அப்படிச் செய்ததுண்டு, அதனால் அது போலி ஆகிவிடாது. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம்.

SP என்றால் உங்கள் பெரியப்பாவின் கடையில் நின்றது சாதாரண விளம்பரப் பொருள் இல்லை. 1963-இலிருந்து ஆப்பிரிக்க நாடுகள் பல தங்கள் வானில் தென்னாப்பிரிக்க விமானங்கள் பறக்கத் தடை விதித்தன. நிறவெறி அரசின் விமானம் என்பதால்தான். லண்டனுக்குப் போக கண்டத்தின் மேற்கு வீக்கத்தைச் சுற்றிக் கடல் மேலேயே பறந்து, அட்லாண்டிக்கில் கேப் வெர்டேயின் இல்யா டோ சால் தீவில் எரிபொருள் நிரப்பிப் போக வேண்டியிருந்தது. அந்தச் சுற்றுவழிக்கு நீண்ட தூரம் நிற்காமல் பறக்கும் விமானம் வேண்டும் என்றுதான் SP-யை வாங்கினார்கள். முதல் விமானமான ZS-SPA, பெயர் மாட்ரூஸ்பெர்க், 1976 மார்ச்சில் அமெரிக்காவின் எவரெட்டிலிருந்து கேப் டவுனுக்கு எங்கும் இறங்காமல் வந்தது: சுமார் 16,500 கிலோமீட்டர். உலகம் முழுவதற்குமே போயிங் செய்த SP 45 மட்டும். அவற்றில் ஆறு இங்கே வந்தன. ஆக அந்தக் குட்டை உடலும் உயர்ந்த வாலும், ஒரு நாடு ஒதுக்கிவைக்கப்பட்டதற்கு உலோகத்தில் வந்த விளைவு. அதனால்தான் அதன் மேல் புது பெயின்ட் ஏறுவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: அந்த ஆரஞ்சு வால் நம்மை ஒதுக்கிய அரசின் கொடி நிறம்தானே, அதை ஏன் வீட்டில் வைக்க வேண்டும்? நியாயமான கேள்வி. நம் முன்னோர் 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தார்கள். அதன் பிறகு நூறு வருஷம் ஊருக்குப் போவது என்றால் கப்பல்தான். கரஞ்சா, கம்பாலா என்ற பெயர்களை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்தியா 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. டர்பனின் பழைய லூயி போத்தா விமான நிலையம் இருந்ததோ நம் மக்கள் வாழ்ந்த மெரபேங்குக்கும் இசிப்பிங்கோவுக்கும் பக்கத்தில். விமானச் சத்தம் நம் வீட்டுக் கூரை மேல், அதில் ஏறிப் போவதோ எட்டாக்கனி. அப்படிப்பட்ட காலத்தில் நம் ஆள் ஒருவர் கிரே தெருவில் கடை போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஜம்போவை நிறுத்தி, நம் மக்களுக்கு டிக்கெட் எழுதிக் கொடுத்தார். அந்த மாடல் ஏர்லைன்ஸின் வரலாற்றைச் சேர்ந்தது எவ்வளவோ, அவ்வளவுக்கு நம் தெருவின் வரலாற்றையும் சேர்ந்தது. நாம் வைத்துக் காப்பாற்றாவிட்டால் அந்தப் பாதியை வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.

இப்போது மாடலைக் கையில் எடுங்கள். தூக்கும்போது உடலைப் பிடியுங்கள், இறக்கையை அல்ல. பெரும்பாலான விரிசல்கள் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வருவது இதனால்தான். ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு வயிற்றில் இருக்கும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தச் சின்னத் துளை ஒரு மாடலின் ஜாதகம். உள்ளே முரட்டு நார்கள் தெரிந்தால் ஃபைபர்கிளாஸ். வெள்ளியாக, தொட்டால் சில்லென்று இருந்தால் வார்ப்பு அலுமினியம். மர ரேகை தெரிந்தால் மரம். துளையின் விளிம்பில் பெயின்ட் அடுக்குகளும் தெரியும்: வெள்ளைக்கு அடியில் வேறொரு நிறம் எட்டிப் பார்த்தால், அந்த மாடல் வேறு வண்ணத்தில் பிறந்து பின்னால் மாற்றப்பட்டது. ஏர்லைன்ஸ் தன் விமானங்களின் வண்ணத்தை மாற்றும்போது காட்சி மாடல்களையும் பட்டறைக்கு அனுப்பி மறுபூச்சு செய்வது சகஜம். அந்த மறுபூச்சும் வரலாறுதான், அதற்குத் தனி மதிப்பு உண்டு. வீட்டு முற்றத்தில் அடித்த மறுபூச்சுக்குத்தான் மதிப்பு இல்லை. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பட்டறை வேலையில் கதவுக் கோடுகளும் ஜன்னல் வரிசையும் கூர்மையாக இருக்கும். வீட்டு வேலையில் விளிம்புகளில் பெயின்ட் திரண்டு நிற்கும். இருட்டில் ஒரு புற ஊதா டார்ச் அடித்தால் பழைய பூச்சும் புதுப் பூச்சும் வேறு வேறாக ஒளிரும், தொட்டுச் சரிசெய்த இடங்கள் திட்டுத் திட்டாகத் தெரியும்.

எழுத்துகளையும் கவனியுங்கள். அந்தக் காலத்து விமானங்களில் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் சௌத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் என்றும், மறுபக்கம் ஆஃப்ரிகான்ஸில் சூயிட் அஃப்ரிகான்ஸ லுக்டீன்ஸ் என்றும் எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் ஆங்கிலமே இருந்தால் உடனே தள்ளிவிட வேண்டாம். ஆனால் எழுத்து பின்னால் ஒட்டப்பட்டதா என்று கூர்ந்து பாருங்கள். முதலில் வந்த 747-களுக்கும் SP-களுக்கும் மலைகளின் பெயர்கள் வைத்தார்கள்: லெபோம்போ, மாட்ரூஸ்பெர்க், மலூட்டி. மூக்குப் பக்கம் பெயரும் வால் பக்கம் ZS எனத் தொடங்கும் பதிவெண்ணும் இருந்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். பாயும் ஸ்பிரிங்பாக் மான் வாலிலிருந்து மறைந்து புதிய தேசியக் கொடி வண்ணங்கள் வந்தது 1997-இல். அதற்குப் பிந்திய வண்ணத்தில் பழைய 707 ஒன்றை யாராவது நீட்டினால் அது கற்பனை.

ஹெல்டர்பெர்க் என்ற பெயர் உள்ள மாடல் ஒருநாள் உங்கள் கண்ணில் படலாம். ZS-SAS என்ற அந்த 747, 1987 நவம்பர் 28 அன்று தைபேயிலிருந்து வரும் வழியில், சரக்குப் பகுதியில் தீப்பிடித்து மொரீஷியஸ் அருகே கடலில் விழுந்தது. அதில் இருந்த 159 பேரும் இறந்தார்கள். சிலர் இதைச் சொல்லியே விலையை ஏற்றுவார்கள். அந்தப் பேச்சு தொடங்கிய இடத்திலேயே நான் பேரத்தை விட்டுவிடுவேன். வைத்திருப்பது தவறில்லை, இறந்தவர்களைக் காட்டிக் காசு பார்ப்பது தவறு.

சுத்தம் செய்வதற்கு வருகிறேன். அந்த மஞ்சளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எழுத்துகளைக் காப்பதற்கு மேலே பூசிய வார்னிஷ் வயதாகிப் பழுத்தது. அது போகாது, போக்கவும் கூடாது. மற்றொன்று சிகரெட் புகை. அந்தக் கால ஆபீஸ்களில் எல்லோரும் உள்ளேயே புகைப்பார்கள், அது படலமாகப் படிந்திருக்கும். வடிகட்டிய நீரில் காரமில்லாத சோப்பு ஒரு சொட்டு விட்டு, காதுப் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, வயிற்றடியில் மறைவான இடத்தில் மெல்ல உருட்டிப் பாருங்கள். தேய்க்க வேண்டாம், உருட்டுங்கள். பஞ்சு பழுப்பாக வந்தால் புகைப் படலம். நிறம் ஏதும் வராவிட்டால் வார்னிஷ், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பஞ்சில் ஆரஞ்சோ நீலமோ ஒட்டினால் பெயின்டே கரைகிறது, உடனே விட்டுவிடுங்கள். எழுத்தும் கோடுகளும் உள்ள இடத்தில் தண்ணீரே வேண்டாம், மென்மையான பிரஷ் போதும்.

தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. உள்ளே இருக்கை எல்லாம் தெரியும்படி பக்கவாட்டை வெட்டிக் காட்டும் பெரிய மாடல்கள் சிலவற்றில் பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகை இருக்கும். கண்ணாடி திரவம் பட்டால் அதில் மயிரிழை விரிசல்கள் ஓடிவிடும். அலுமினிய மாடலைப் பித்தளை பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்குவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் அநியாயம். குத்துவிளக்கு துலக்கும் கை சும்மா இருப்பதில்லை. பாலிஷோடு எழுத்தும் போய்விடும். ஸ்டாண்டின் குரோம் பூச்சுக்கும் அதே விதிதான்.

டர்பனில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை. கடல் உப்பும் கோடைக் கால ஈரமும் சேர்ந்து அலுமினியத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூக்க வைக்கும், பிறகு அது குழி விழும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கிழக்கு ஜன்னல் வெயில் படக் கூடாது. சாமி அறை பக்கமும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் வெள்ளை இறக்கையில் படிந்தால் எடுப்பது கஷ்டம். அலமாரிக்குள் பூச்சி உருண்டை போடவே கூடாது, சில பிளாஸ்டிக்குகளை அதன் ஆவி இளக்கிவிடும். பபிள் ராப்பில் சுற்றிப் பல மாதம் வைத்தால் பெயின்டில் வட்ட வட்டமாக அச்சு விழும். அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, அதற்கு மேல் வேண்டுமானால் பபிள் ராப்.

எஞ்சின் விஷயம். மிச்சமிருக்கும் மூன்றில் ஒன்றை அளவெடுத்து 3டி பிரிண்டரில் ஒன்று செய்து மாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பசை போட்டு ஒட்டாமல் கழற்றக்கூடிய மாதிரி மாட்டுங்கள், உட்புறத்தில் வருஷத்தையும் "மாற்று" என்ற சொல்லையும் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு வாங்குபவர் ஏமாறக் கூடாது. அதற்கு முன் கடைச் சாமான்கள் போன பெட்டிகளை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். உடைந்து விழுந்த எஞ்சினை யாராவது மேஜை இழுப்பறையில் எடுத்துப் போட்டிருப்பார்கள். தூக்கி எறிய யாருக்கும் மனசு வருவதில்லை.

இனி சேர்ப்பது பற்றி. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்காதீர்கள். ஒரு ஏர்லைன்ஸ், அல்லது ஒரு ஊர், அல்லது ஒரு காலம் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். 1:50 அளவில் ஒரு 747 என்றால் நீளமே 1.4 மீட்டர், சாட்ஸ்வொர்த் வீட்டு முன்னறையில் இரண்டு வந்தால் சோபா வெளியே போக வேண்டும். உங்களுக்கு SP வாய்த்துவிட்டதால், அது வந்த பாதையையே சேகரிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. 1934-இல் ஏர்வேஸ் தொடங்கியபோது இருந்த யுங்கர்ஸ் விமானங்கள், 1945-இல் லண்டன் சேவை தொடங்கிய அவ்ரோ யார்க், கான்ஸ்டலேஷன், 1958-இல் வந்த விஸ்கவுன்ட், 1960-இல் வந்த 707, 1971-இல் வந்த முதல் ஜம்போ லெபோம்போ. இந்த வரிசையில் எல்லாம் கிடைக்கப் போவதில்லை. நாலைந்து கிடைத்தாலே ஒரு கதை முழுமையாகத் தெரியும். கோமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானத்தையும் மறக்காதீர்கள்: உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது நம் ஜோஹன்னஸ்பர்க்குக்குத்தான். அந்தச் சேவையை நடத்திய பிரிட்டிஷ் ஏர்லைன்ஸான பி.ஓ.ஏ.சி.யின் வண்ணத்தில் கோமெட் 1 மாடல் கிடைத்தால் ஜன்னல்களைப் பாருங்கள். அவை சதுரமாக, மூலைகள் மட்டும் வளைந்து இருக்க வேண்டும். வட்டமாக இருந்தால் அது, முதல் கோமெட்கள் சில விழுந்து நொறுங்கிய விபத்துகளுக்குப் பிறகு வந்த கோமெட் 4.

தயாரித்தவர் பெயர் பெரும்பாலும் ஸ்டாண்டின் அடியிலோ ஒரு சிறு தகட்டிலோ இருக்கும். ரோட்டர்டாமின் ரெய்ஸ் அப், இங்கிலாந்தின் வெஸ்ட்வே, ஃபெல்தமின் ஸ்பேஸ் மாடல்ஸ், கலிஃபோர்னியாவின் பசிஃபிக் மினியேச்சர்ஸ், ஒஹையோவின் டாப்பிங் ஆகியவை அடிக்கடி காதில் விழும் பெயர்கள். அதனால்தான் அசல் ஸ்டாண்ட் இல்லாத மாடலுக்கு நான் பாதி விலைக்கு மேல் கொடுப்பதில்லை. பழைய அமெரிக்க மேஜை மாடல்களில் சில செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக்கால் ஆனவை. இறக்கை வளைந்து தொங்கியிருந்தால் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை வந்தால் பிளாஸ்டிக்கே சிதைகிறது, அதை நிறுத்த வழியில்லை, அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் உலோக மாடல்களையும் அரிக்கும். சிறிய துத்தநாக வார்ப்பு மாடல்களில் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அதுவும் உள்ளிருந்தே வரும் நோய். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏமாற்று எங்கே அதிகம் என்றால், பிலிப்பைன்ஸில் மகோகனி மரத்தில் செதுக்கும் மாடல்களில். செய்பவர்கள் நேர்மையான கைவினைஞர்கள், புதிது என்றுதான் விற்கிறார்கள். இடையில் கைமாறும்போது "ஏஜென்சியில் இருந்த பழைய மாடல்" ஆகிவிடுகிறது. தடித்த இறக்கை ஓரம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பளபளப்பு, மரத்தாலேயே செய்த ஸ்டாண்ட், எங்கும் வெயிலின் சுவடு இல்லாத புது வெள்ளை. இவை சேர்ந்து வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

கிடைக்கும் இடம் என்றால், மூடப்படும் ஏஜென்சிகள், ஓய்வுபெற்ற ஏர்வேஸ் ஊழியர்களின் வீடுகள், வீட்டுச் சாமான் ஏலங்கள், தர்மக் கடைகள். விமான டிக்கெட் 2008-இல் முழுக்க மின்னணுவாக மாறிய பிறகு கண்ணாடி ஜன்னல் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. அப்போது பரணில் ஏறிய மாடல்கள் பல இன்னும் இறங்கவில்லை. நம் ஆட்களின் பழைய ஏஜென்சிகளை முதலில் விசாரியுங்கள், அங்கே உங்களுக்கு இருக்கும் வழி வேறு யாருக்கும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு 15 சதவீத வாட் வரியையும் அனுப்பும் செலவையும் கணக்கில் சேருங்கள். பெரிய மாடலுக்கு அனுப்பும் செலவே விலையைத் தாண்டும். வாங்குவதற்கு முன் ஒருமுறை ஜெர்மிஸ்டனில் ராண்ட் விமான நிலையத்தில் உள்ள எஸ்.ஏ.ஏ. (சௌத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ்) அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். லெபோம்போவும் மலூட்டி என்ற SP-யும் அங்கே நிஜமாகவே நிற்கின்றன. மலூட்டியின் அடியில் நின்று இறக்கையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால், அதன் பிறகு எந்த SP மாடலும் உங்களை ஏமாற்ற முடியாது.

கடைசியாக, செலவே இல்லாத வேலை ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். பெரியப்பா, பெரியம்மா, கடையில் வேலை பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் கேட்டு எழுதி வையுங்கள்: கடையின் பெயர், கட்டிட எண், மாடலைக் கொண்டுவந்து கொடுத்தது யார், எந்த வருஷம், ஜன்னலில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது. கடைத் திறப்பு விழாப் படமோ, காலண்டர் படமோ, கல்யாணப் பயணத்துக்கு டிக்கெட் வாங்கியபோது எடுத்த, பின்னணியில் மாடல் தெரியும் ஒரு படமோ இருந்தால் பிரதி எடுத்து அந்தத் தாளோடு வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்க நினைத்தாலும் சரி, அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தாலும் சரி, முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான். வயிற்றுத் துளையையும் ஸ்டாண்டின் அடியையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினால், எந்தப் பட்டறை வேலை என்று பார்த்துச் சொல்கிறேன்.